குறி பார்க்க மருந்து எதற்கு?

இந்த வாரம் பழைய புதுச்சேரி நினைவுகளின் அடுத்த பகுதியை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். சண்டை போட வேண்டிய விஷயம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதை எழுதி முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

போன மாதம் என் மைத்துனர் மகன் டெக்ஸஸிலிருந்து வந்திருந்தான். பொறுப்பான பையன். அங்கே அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, குறிபார்த்துச் சுடுவது. மைதானத்தில் காகித இலக்கை வைத்துச் சுடுகிறார்கள். எந்த உயிரையும் கொல்வதில்லை. அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவன் சுடுவதோடு நிற்பதில்லை. சுடுகிற தோட்டாவையும் வீட்டிலேயே தானே கட்டிக்கொள்கிறான். அதற்கு ரீலோடிங் என்று பெயராம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தோட்டாவில் நான்கு சாமான் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தருகிற கேப், உள்ளே மருந்து, முனையில் ஈயக் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டைச் சுத்தம் செய்து, ஒரு கை மிஷினில் வைத்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டால் மறுபடியும் தோட்டா. கடையில் வாங்குவதைவிட மலிவு. தன் துப்பாக்கிக்குத் தக்கபடி மருந்தை நிறுத்துப் போடுவதால் குறி இன்னும் சுத்தமாக விழும் என்கிறான். கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்களாம். ஒரு கிரெயின் என்பது நம் ஆசாரிகள் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி.

இதை அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருப் பையன்கள் நாலைந்து பேர் திண்ணையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “மாமா, இதுக்குக்கூட இந்தியாவிலே சுதந்திரம் இல்லை. சொந்த ஜனங்களையே நம்பாத கவர்ன்மென்ட்” என்று அவன் முடித்தான். உடனே ஒரு பையன், “அண்ணா, அடுத்த வாட்டி வரும்போது அந்த மிஷின் ஒன்னு கொண்டாங்கண்ணா” என்றான். இவனும், “சின்னதுதான்டா, பெட்டியிலே வெச்சா தெரியவே தெரியாது” என்று சிரித்தான்.

அவனுக்குச் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிட்டேன். அந்தப் பையன்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: குறிபார்த்துச் சுடுவது நல்ல விளையாட்டு, அது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். தோட்டா கட்டுவது அந்த விளையாட்டின் பாகமே இல்லை, அது நம் வீட்டுக்குள் வரக் கூடாது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். நம் பையன்களும் வேண்டாததை ஆசைப்பட்டு, வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் சட்டம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, பெண் எடுத்த ஊர்ப்பக்கம் வந்து தமிழக வருவாய்த் துறையில் குமாஸ்தா ஆனவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது இது பிரிக்கப்படாத வட ஆற்காடு மாவட்டம். 1989இல்தான் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தது. சில வருஷங்கள் என் மேஜைக்குத் துப்பாக்கி உரிமக் கோப்புகள் வந்துகொண்டிருந்தன. 1959ஆம் வருஷத்துப் படைக்கலச் சட்டம் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம்.

அதன் 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. இது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். பலர் கவனிக்காத இடம் 2ஆம் பிரிவில் இருக்கிறது. தோட்டா என்ற சொல்லுக்குச் சட்டம் தருகிற பொருளுக்குள், தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அடக்கம். ஆகவே பெட்டியில் அந்த மிஷினை வைத்துக் கொண்டுவருகிறவன், சட்டத்தின் கண்ணில் தோட்டாவையே கொண்டுவருகிறவன்தான். பெட்டியின் மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் பயணிகளைப் பிடித்து உட்கார வைக்கிற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு, உரிமமில்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரித்தால் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். இருபது வயதுப் பையன் “சும்மா பொழுதுபோக்குக்குத்தான் சார்” என்று சொல்லித் தப்ப வழியில்லை.

இந்தச் சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பது உரிமப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். கடைக்காரர் விற்றதைப் பதிவு செய்வார். என் காலத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பு, இப்போது ஐந்து. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இத்தனையும் எதற்கு? ஊரில் எத்தனை துப்பாக்கி, எத்தனை தோட்டா, யார் கையில் என்று அரசாங்கத்துக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. வீட்டில் தோட்டா கட்ட ஆரம்பித்தால் அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது. நல்லவன் கட்டும் தோட்டாவுக்கும் கூலிப்படைக்காரன் கட்டும் தோட்டாவுக்கும் வித்தியாசம் சொல்ல எந்தப் புத்தகமும் இருக்காது.

“நீங்க குமாஸ்தா, சட்டத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க” என்று சிலர் சொல்லலாம். எத்தனை விதிகள் வெறும் காகிதம் என்பது குமாஸ்தாவுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது ஐயா. சட்டமே இல்லாவிட்டாலும் இதை நான் எதிர்ப்பேன். அதற்குக் காரணம் மருந்து.

ஜவ்வாது மலையிலிருந்து விவசாயிகள் உரிமத்தைப் புதுப்பிக்க வருவார்கள். பயிர்க் காவலுக்கு முன்பக்கம் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியை உரிமத்தோடு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சாமைக் கொல்லையைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம் சோறில்லை. அது நியாயமான தேவை. ஒரு தடவை வந்த ஒரு பெரியவருக்கு வலது கையில் இரண்டு விரல்தான் இருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய உரிமப் புத்தகத்தை அந்த இரண்டு விரலால் இடுக்கி என் மேஜைமேல் வைத்தார்.

“விரல் என்னாச்சு பெரியவரே?”

“மருந்து கெட்டிக்கறப்ப பத்திக்கிச்சுங்க ஐயா.”

“எத்தனை வருஷமா கெட்டிக்கிறீங்க?”

“எங்கப்பன் காலத்துலேருந்து கெட்டிக்கிறேனுங்க. எப்பவும்போலத்தான் பண்ணேன்.”

எப்பவும்போலத்தான் பண்ணேன். நாற்பது வருஷம் ஆகியும் அந்த வார்த்தை என் காதில் இருக்கிறது. மருந்துக்கு அனுபவசாலி, புதியவன் என்ற பேதம் கிடையாது. ஆயிரம் தடவை சாதுவாக இருக்கும். ஆயிரத்தோராவது தடவை உராய்விலோ சூட்டிலோ பற்றிக்கொள்ளும். அவர் வயிற்றுப்பாட்டுக்காகக் கெட்டித்தார். பொழுதுபோகவில்லை என்று கெட்டிக்க நமக்கு என்ன அவசியம்?

பன்றிக்கென்று வைக்கிற அவுட்டுக்காய் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாட்டு மருந்தை உருட்டி, தின்பண்டத்துக்குள் மறைத்து வயலோரம் வைக்கிறார்கள். அதைக் கடித்துத் தாடை கிழிந்த பசுக்களும் வாய் சிதைந்து பட்டினி கிடந்தே செத்த யானைகளும் எத்தனை! பந்து என்று எடுத்து விளையாடிய குழந்தைகளும் உண்டு. இதைச் செய்தவன் எவனும் குழந்தையைக் கொல்ல நினைத்துச் செய்யவில்லை. வீட்டில் மருந்து கையாள்கிற பழக்கம் ஒரு வட்டாரத்தில் ஊறிப்போனால் அது எங்கே போய் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

படித்தவர்கள் கவனமாகச் செய்வார்கள் என்ற வாதம் அடுத்து வரும். எங்கள் பள்ளியில் லவ்வாசியே என்று ஒரு பெயரை மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அவர் லவாய்சியர். நவீன வேதியியலின் தந்தை. 1775லிருந்து பிரெஞ்சு அரசாங்கத்தின் வெடிமருந்து நிர்வாகத்தைக் கவனித்தவர்களில் அவரும் ஒருவர். 1788இல் எஸ்ஸோன் என்ற ஊரின் மருந்து ஆலையில் ஒரு புது உப்பைச் சேர்த்துச் சோதனை செய்தார்கள். அந்த உப்பைக் கண்டுபிடித்த பெர்தொலேயும் அங்கேயே இருந்தார். உலகத்திலேயே அந்தப் பொருளைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். கலவை வெடித்து இருவர் செத்தார்கள். லவாய்சியரும் அவர் மனைவியும் பெர்தொலேயும் அந்த நிமிஷத்தில் சற்றுத் தள்ளி இருந்ததால் பிழைத்தார்கள். லவாய்சியருக்கே அப்படி என்றால், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவன் எம்மாத்திரம்?

இன்றைய தோட்டாவில் இருப்பது அந்தப் பழைய கரிமருந்து இல்லை, புகையில்லா மருந்து, அதைத் திறந்த வெளியில் கொளுத்தினால் சர்ரென்று எரியுமே தவிர வெடிக்காது என்று மருமகப்பிள்ளை வாதாடினான். உண்மைதான். புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்ததும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். போல் வியேய், 1884. ஆனால் அது எரிவது திறந்த வெளியிலா? இரும்புக் குழலுக்குள் அல்லவா! ஒரு தடவை போட வேண்டிய அளவை மறதியாக இரண்டு தடவை போட்டுவிட்டால் குழல் கிழிந்து சுடுபவன் முகத்தில் பாயும். நம் நாட்டில் இந்த மருந்தைச் செய்கிற பழைய ஆலை நீலகிரியில் அருவங்காட்டில் இருக்கிறது, 1903இல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக அனுபவம், கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி, ஆயிரம் கட்டுப்பாடு. அங்கேயும் விபத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் 30 பேருக்கு மேல் இறந்ததை மறந்துவிட்டோமா?

டெக்ஸஸில் அவனுக்கு வீட்டைவிட்டுத் தனியாகக் கார் நிறுத்த ஒரு கட்டடம். அதில் பூட்டுப் போட்ட அலமாரி. இங்கே நம் வீடு எப்படி? ஒரு கூடம், அதில் பாதி தறிக்குழி. பாவு, பட்டு நூல், ஜரிகை, தொட்டிலில் குழந்தை, மூலையில் சாமி விளக்கு, அடுத்த தடுப்பில் அடுப்பு. இதற்குள் மருந்தும் கேப்பும் எங்கே வைப்பது? குண்டு வார்க்கிறேன் என்று ஈயத்தைக் காய்ச்ச ஆரம்பித்தால் அதன் தூசியும் புகையும் எங்கே போகும்? ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற விஷம் என்று டாக்டர்கள் பெயின்டிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் அதை விரட்டினார்கள். அதை நாம் சட்டியில் போட்டுக் காய்ச்சுவதா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவன் அந்த வேலையை விவரித்தபோது அதிலே ஒரு கைவேலைச் சுகம் இருப்பது எனக்குப் புரிந்தது. நிறுத்து, அளந்து, ஒன்று போல் ஒன்று செய்து வரிசையாக அடுக்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும்தான். பாவு பிணைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சுகத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பாவு பிணைக்கிறவர் ஒரு இழையை விட்டால் சேலையில் ஒரு கோடு விழும். தோட்டாவில் விட்டால் கண் போகும்.

சரி, இனி விளையாட்டுக்கு வருவோம். என் முக்கியமான வாதம் இங்கேதான் இருக்கிறது.

சின்ன வயதில் புதுச்சேரியில் எங்களுக்குக் குறிவிளையாட்டு என்றால் பெத்தாங்க். இரும்புப் பந்தை எறிந்து எதிராளியின் பந்தை அடித்து விலக்க வேண்டும். அப்படி அடிப்பதில் கெட்டிக்காரனுக்குப் பெயர் தீரேர், அதாவது சுடுபவன். துப்பாக்கியும் இல்லை, மருந்தும் இல்லை; அவன் சுடுபவன்தான். குறி என்பது கண்ணிலும் கையிலும் மூச்சிலும் இருக்கிறது. மருந்து வெறும் கூலியாள். பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை.

சுடுதல் விளையாட்டின் சரித்திரமே இந்தக் கூலியாளைக் குறைத்துக்கொண்டு வந்த சரித்திரம்தான். 1845 வாக்கில் ஃப்ளோபேர் என்ற பாரிஸ் துப்பாக்கிக்காரர் ஒரு குட்டித் தோட்டா செய்தார். வீட்டு வரவேற்பறையில் வைத்து இலக்கைச் சுடுவதற்காக. அதில் மருந்தே கிடையாது. கேப்பின் பொறி மட்டுமே குண்டைத் தள்ளும். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய பாயின்ட் டூ டூ. நம் என்.சி.சி. பிள்ளைகள் சுடுகிறார்களே, அதே தோட்டா. அதன் விளிம்பிலேயே பொறி மருந்து இருப்பதால், ஒரு தடவை சுட்ட கூடு அவ்வளவுதான். மறுபடி கட்டுவதென்ற பேச்சே அதில் வழக்கத்தில் இல்லை. அதற்கும் அடுத்த படி காற்றுத் துப்பாக்கி. அங்கே மருந்தும் போயிற்று, கேப்பும் போயிற்று. அழுத்திய காற்று, 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை, அவ்வளவுதான்.

இப்போது நம் நாட்டுப் பதக்கங்களை எண்ணிப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். 2012 லண்டனில் ககன் நாரங்கின் வெண்கலம் அதே போட்டி; விஜய் குமாரின் வெள்ளி பாயின்ட் டூ டூ கைத்துப்பாக்கி. 2024 பாரிஸில் மனு பாக்கரின் இரண்டு வெண்கலமும் காற்றுக் கைத்துப்பாக்கி, அதில் ஒன்று சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து. ஸ்வப்னில் குசாலேயின் வெண்கலம் பாயின்ட் டூ டூ ரைபிள். மிஞ்சுவது 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வாங்கிய வெள்ளி ஒன்றுதான். பறக்கும் தட்டைச் சுடும் போட்டி அது. 12 போர் தோட்டா வேண்டும். அதையும் தொழிற்சாலையில் கட்டியதாக வாங்கித்தான் போட்டியாளர்கள் சுடுகிறார்கள். ஆக, ஒரு பதக்கத்துக்கும் எவர் வீட்டிலும் தோட்டா கட்ட வேண்டியிருக்கவில்லை.

காற்றுத் துப்பாக்கி என்றால் குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கு அட்டையின் முழு வட்டமே 45.5 மில்லிமீட்டர். அதன் நடுவிலுள்ள பத்து மதிப்பெண் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். ஊசியால் குத்திய அளவு. அதில் 60 தடவை சுட வேண்டும். மூச்சை எங்கே நிறுத்துவது, இதயத் துடிப்புக்கு இடையில் விசையை எப்போது அழுத்துவது என்று வருஷக்கணக்கில் பழகுகிறார்கள். வீட்டில் கட்டிய தோட்டாவின் துல்லியம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அந்த அரை மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டுப் பேசட்டும்.

ஆனால் இந்த விளையாட்டு யாருக்குக் கிடைக்கிறது? இங்கேதான் எனக்குப் பையன்களைவிடப் பெரியவர்கள் மேல் கோபம் வருகிறது. நம் நாட்டுத் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கியது. முதல் மக்களவைத் தலைவர் மாவ்லங்கர் அதற்கு மூலகாரணம். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இது பெரும்பாலும் அரச குடும்பம், அதிகாரி குடும்பம், பணக்காரர் குடும்பம் என்றே ஓடுகிறது. பாரிஸ் ஒலிம்பிக்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்துக்காரர். அவர் திறமைசாலி, நமக்குப் பெருமை. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போன இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, அங்கேதான் துப்பாக்கியைப் பிடித்தார். ககன் நாரங்கும் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது ஹைதராபாத். கடலூரிலேயே இருந்திருந்தால் இளவேனில் எங்கே போய்ப் பழகியிருப்பார்?

நமக்குத் தெரிந்த ஒரே சுடுதல் மைதானம் திருவிழாவில் பலூன் கடை. லூர்து மாதா திருவிழாவானாலும் ஆடி மாதத்து அம்மன் திருவிழாவானாலும், ஒரு பலகையில் பலூன் கட்டி, குழல் கோணிய ஒரு துப்பாக்கியை நீட்டுவார்கள். அதிலேயே பத்துக்கு எட்டு சுடுகிற பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தேவிகாபுரத்திலும் ஆரணியிலும் நம் சேத்துப்பட்டிலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணும் கையும் பிறவியிலேயே பழகியவை. அறுந்த இழையை மங்கலான வெளிச்சத்தில் தேடி எடுத்து முடிச்சுப் போடுகிற கை அது. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் உட்காருகிற பொறுமை அது. இந்த விளையாட்டுக்கு வேறு என்ன மூலதனம் வேண்டும்? அந்தக் கையைச் செய்யாறு சிப்காட்டில் ஷூ ஒட்ட அனுப்புகிறோம்.

செலவு அதிகம் என்பார்கள். ஜெர்மனியிலிருந்து வருகிற வால்தர், ஃபைன்வெர்க்பாவ் துப்பாக்கி ஒன்று இரண்டு லட்சத்துக்கு மேல்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு துப்பாக்கியில் நாளெல்லாம் மாற்றி மாற்றி முப்பது பிள்ளைகள் பழகலாம். ஒரு திருமணத்துக்கு வைக்கிற டிஜிட்டல் பேனருக்கும் மேளக் கச்சேரிக்கும் நம் ஊரில் ஆகிற செலவைக் கூட்டிப் பாருங்கள். இடம்? 10 மீட்டர் என்பது 33 அடி. கல்யாண மண்டபத்தின் பந்தி ஹால் அதைவிட நீளம். உரிமம்? 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. எந்தக் குமாஸ்தாவின் மேஜைக்கும் கோப்பு வராது.

அதற்காகக் காற்றுத் துப்பாக்கியை ஆளுக்கொன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு காக்கையைச் சுடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ரவையும் கண்ணைப் பறிக்கும். பள்ளியில், பூட்டுப் போட்ட அறையில், பயிற்சியாளர் கண்முன்னால், ஒழுங்கோடு நடக்க வேண்டும். “பிள்ளைங்க கையில துப்பாக்கியா? ரௌடியாப் போயிடுவாங்க” என்று தாய்மார்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். அம்மா, இந்த விளையாட்டில் கற்றுக்கொடுக்கிற முதல் பாடமே எந்த மனிதனை நோக்கியும் குழலைத் திருப்பக் கூடாது என்பதுதான். திருப்பினால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆத்திரக்காரனுக்கு இதில் மதிப்பெண்ணே விழாது. சினிமாவில் துப்பாக்கி பார்த்து வளர்கிற பிள்ளைக்கும், இலக்கு அட்டையின் முன் மூச்சடக்கி நிற்கிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறே மாதத்தில் நீங்களே பார்ப்பீர்கள்.

இன்றைக்கு நம் பகுதியில் ஒரு பெண்ணுக்கு இந்த ஆசை வந்தால், சென்னைக்கு மூன்று மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அங்கே ஒரு கிளப்பில் உறுப்பினராக வேண்டும். கூட அப்பாவோ அண்ணனோ தறியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். யாரால் முடியும்? நேர்வழியை இவ்வளவு தூரத்தில் வைத்தால், ஆசையுள்ள பையன் பெட்டியில் மறைத்து வரும் மிஷினைத்தான் கேட்பான். அவனைத் திட்டிவிட்டு நாம் சும்மா இருப்பது நியாயமில்லை.

ஆகவே கேட்க வேண்டிய சுதந்திரத்தைக் கேட்போம். சேத்துப்பட்டில் ஏதாவது ஓர் அரசுப் பள்ளி வளாகத்தில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக் கூடம் ஒன்று, நான்கு துப்பாக்கி, ஒரு பயிற்சியாளர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு முகவரியிட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். மனு எழுதுவது முப்பது வருஷம் பார்த்த வேலை. எந்த வாசகத்துக்கு எந்த மேஜையில் முட்டுக்கட்டை விழும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுக்கப் போகிறேன். ஒரு கிழவன் கையெழுத்து மட்டும் இருந்தால் அது கோப்பில் தூங்கும். இருநூறு பெற்றோர் கையெழுத்து இருந்தால் யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும்.

மாலை நாலு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் பேனாவோடு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்காகத்தான் இந்த மனு.